தட்டிப் பார்க்காத கிண்ணம்

கடைசல்காரரோடு குடித்தனம் நடத்துவதில் ஒரு கஷ்டம் உண்டு. எந்த வேலையிலும் கடைசிக் கை அவருடையதாக இருக்க வேண்டும். மனைவி குழாயை மூடிவிட்டு வந்தால், அவர் போய் இன்னொரு திருகு திருகிவிட்டு வருவார். அவள் போர்வையை மடித்து வைத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்து நேராக்குவார். கதவைச் சாத்தினால் ஒருமுறை தள்ளிப் பார்ப்பார். திட்ட மாட்டார், குறை சொல்ல மாட்டார், வாயே திறக்க மாட்டார். அதுதான் இன்னும் எரிச்சல். குறை சொன்னால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்கலாம். ஒரு திருகுக்கு என்ன பதில் சொல்வது?

அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில் ஒரு மெஷின். நீளமான பேன்டைக் குட்டையாக்குவது, இறுக்கமான சட்டையைத் தளர்த்துவது, பல் போன ஜிப்பை மாற்றுவது. ஆக, ஊரார் துணியிலெல்லாம் கடைசிக் கை வைப்பவள் அவள்தான். அதை யாராவது சுட்டிக்காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் தைத்து முடித்த துணியிலும் அவர் தொங்கும் நூலைத் தேடிக் கத்தரிப்பார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவர் வேலை பார்த்தது ஓர் இரும்புப் பட்டறையில். லேத் மெஷினில் தண்டுகளைச் சுழலவிட்டு, உளியால் சீவிச் சீவி அளவுக்குக் கொண்டுவருவது, அதுதான் கடைசல். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் ஒரு தண்டு அளவு குறைந்துபோனது. மயிரிழைதான். ஆனால் இரும்பில் சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. மேஸ்திரி ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் அவரைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டார். மிச்ச நாளெல்லாம் மற்றவர்களுக்கு உளி எடுத்துக் கொடுக்கும் வேலை. இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. மேஸ்திரியின் மனைவி சட்டை தளர்த்த வந்தபோது வாய் தவறிச் சொன்னதால்தான் தையல்காரிக்குத் தெரியும். தெரிந்ததாக அவளும் காட்டிக்கொள்ளவில்லை.

வேலை முடிந்து வீட்டோடு வந்ததும் ஜன்னலோர நாற்காலி அவருக்கு நிரந்தரமாகிவிட்டது. அதில் உட்கார்ந்து வலது கையை விரிப்பார், மூடுவார், மறுபடி விரிப்பார். நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார். நடுக்கம் கிடையாது. இருந்தாலும் பார்ப்பார்.

அந்த நாற்காலியிலிருந்து தப்பிக்கத்தான் அவள் மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தாள். வெளியே கேட்டால் மகள் வற்புறுத்தினாள் என்பாள். வெளியூரில் இருக்கும் மகள் போனில் ஏதோ சொன்னது உண்மைதான். ஆனால் மகள் சொன்னதையெல்லாம் கேட்கிறவளா அவள்?

சலவைக் கடைக்குப் பின்னால், முன்பு யாரோ கார் நிறுத்திக்கொண்டிருந்த ஷெட்டில் வகுப்பு. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் புறம் இஸ்திரி போடும் கொதிகலன் இருந்ததால் அந்தச் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். அதையொட்டிய பலகையில் கிண்ணத்தை வைத்தால் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும். எதிர்ச் சுவரோரம், மண் மெல்லக் காய்வதற்காக, பிளாஸ்டிக் விரிப்பு தொங்கும் ஈர அலமாரி. நடுவில் ஐந்தாறு மின்சாரச் சக்கரங்கள். டீச்சருக்கு மகள் வயசுதான் இருக்கும். முடியைப் பென்சிலால் கொண்டை போட்டுக்கொண்டு, எல்லாரையும் அக்கா, அண்ணா என்றே கூப்பிடுவாள்.

"அக்கா, மண்ணோட மல்லுக்கட்டாதீங்க. முழங்கைய இடுப்புல நல்லா ஊணிக்குங்க. உங்க கை அசையக் கூடாது. அப்படியே நில்லுங்க. மண்ணு தானா வழிக்கு வரும்."

முதல் வகுப்பில் வரவில்லை. அடுத்ததிலும் வரவில்லை. களிமண் உருண்டை அவள் கையை இடவும் வலவும் தள்ளி ஆட்டி வைத்தது. பிறகு ஒரு நாள், எதுவும் செய்யாமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தபோது ஆட்டம் நின்றது. சக்கரம் சுற்றுகிறது, மண் சுற்றுகிறது, ஆனால் அவள் உள்ளங்கைக்குள் எதுவுமே அசையாத மாதிரி இருந்தது. நடுவில் கட்டைவிரலை இறக்கினாள். குழி விழுந்தது. விரல்களுக்கிடையே சுவர் எழும்பி வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆயுசு முழுக்கப் பிறர் வெட்டியதை வெட்டி, பிறர் தைத்ததைப் பிரித்து வந்த கைக்கு, ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்று கிடைத்திருக்கிறது. இதில் யாரும் வந்து ஒரு திருகு திருக முடியாது என்று நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்குக் கிடைத்த சந்தோஷத்தை ஒளிக்க வேண்டியதில்லை.

அவளிடம் ஒரே ஒரு குறை. கிண்ணத்தின் சுவரை மெல்லியதாக எடுப்பாள், ஆனால் அடியைக் கனமாக விட்டுவிடுவாள். துணி தைக்கும்போதும் அப்படித்தான். மடிப்புக்கு உள்ளே விரல் அகலம் துணியை விட்டுவைப்பாள், நாளைக்கு யாராவது பருத்துப்போனால் பிரித்துவிட உதவும் என்று. அதே பயம் மண்ணிலும் வந்தது. அடி கிழிந்துவிட்டால்?

"பரவால்லக்கா, சீவிக்கலாம்" என்றாள் டீச்சர்.

சீவுவது அடுத்த கட்டம். கிண்ணம் பாதி காய வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழணும், தூக்கினால் வளையக் கூடாது, அதுதான் பதம். அப்போது அதைச் சக்கரத்தில் கவிழ்த்து, நகராமல் இருக்கச் சுற்றி மூன்று மண் உருண்டைகளை அணைத்து வைத்து, சுழலவிட்டு, வளையக் கத்தியால் வெளிப்பக்கத்து அதிகப்படி மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எவ்வளவு சீவலாம் என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்காக அவ்வப்போது நிறுத்தி, அடியை விரலால் தட்டிக் கேட்க வேண்டும், தர்பூசணி வாங்கும்போது தட்டுவோமே அதைப்போல. டொக் என்றால் இன்னும் மண் இருக்கிறது. உள்ளே காலியாக இருப்பதைப்போலத் தொம் என்றால் நிறுத்திவிட வேண்டும். இந்த வேலைக்குத் தேவையான பொறுமை தையல்காரியிடம் கடுகளவும் இல்லை. அவளுக்கு ஈர மண்ணைச் சக்கரத்தில் சுவராக ஏற்றுவதில்தான் ஆசை.

ஒரு நாள் மழை. குடையோடு அவளைக் கூட்டிப்போக வந்த கடைசல்காரர், ஷெட் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். பல் டாக்டர் ஒருவர் தன் குவளையை உயிரைக் கொடுத்துச் சீவிக்கொண்டிருந்தார். வாய்க்குள் மயிரிழையில் வேலை செய்கிறவர், இங்கே கத்தி குதிக்கக் குதிக்க முழித்தார்.

"கத்திய மேல தூக்கிப் பிடிக்கிறீங்க" என்றார் கடைசல்காரர், வாசலிலிருந்தே. "மையத்துக்கு நேரா வைங்க. முன்னங்கைய எங்கயாவது சாச்சுக்குங்க."

தையல்காரி நிமிர்ந்தாள். ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்க என்று கண்ணாலேயே சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சுழலும் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை அரித்தது போலிருக்கிறது, விரல்கள் தானாக மடங்கின.

"வாங்க சார், வந்து காட்டுங்க" என்றாள் டீச்சர், வெள்ளை மனசோடு.

அவர் குடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். குவளையைத் தட்டிப் பார்த்தார். கத்தியை வைத்தார். மண் ரிப்பனாகச் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது. எழுந்தபோது குவளையின் அடியில், அது நிற்பதற்கு அழகான ஒரு கால் வளையம் வந்திருந்தது. பல் டாக்டர் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "சார், நீங்க எங்க இருந்தீங்க இத்தனை நாளா?" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கடைசல்காரர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு அதைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதைப்போல.

அடுத்த வாரத்திலிருந்து அவரும் வகுப்புக்கு வந்தார்.

அவருக்கு மண்ணை ஏற்ற வரவே இல்லை. இரும்பை முறுக்கிப் பிடித்துப் பழகிய ஆள். ஈர மண்ணைக் கையில் எடுத்தால் அது கழன்று ஏப்ரனில் அப்பிக்கொள்ளும், ஒரு தடவை பல் டாக்டரின் கண்ணாடியிலும் அப்பிக்கொண்டது. "மண்ணுக்கு என்னைப் பிடிக்கல" என்று அவரே சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஆக வேலை பங்கு பிரிந்தது. அவள் ஏற்றுவாள், அவர் சீவுவார். பிறகு எல்லாருமே ஏற்றுவார்கள், அவர் சீவுவார். பெயரும் வந்துவிட்டது, ஃபினிஷிங் சார். வீட்டில் குளிக்கும்போது அவர் ஏதோ முனகிப் பாடுவது அவளுக்குக் கேட்டது. நாற்காலி காலியாகக் கிடந்தது. அதற்காக அவள் சந்தோஷப்பட்டாள். அதை இல்லையென்று சொன்னால் பாவம்.

ஆனால் இன்னொன்றும் இருந்தது. சூளையிலிருந்து வெளியே வரும் அவளுடைய கிண்ணங்கள் அவளுடையவையாக இல்லை. வெளிச்சுவரில் அவள் விரல் ஏறிப்போன வரிகளைக் காணோம். அவள் விட்ட கனத்தையும் காணோம். வழவழவென்று, லேசாக, கடையில் வாங்கியதைப்போல இருந்தன. யாராவது எடுத்துப் பார்த்துவிட்டு, "என்ன லேசு! என்ன ஃபினிஷிங்!" என்பார்கள். "சாரோட கை" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அவள் தலையாட்டுவாள். குழாயைத் திருகுகிற அதே கை இங்கேயும் வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் புகைவாள்.

அதோடு ஒன்றைக் கவனித்துவிட்டாள். அவர் எல்லாருடைய கிண்ணத்தையும் தட்டிப் பார்க்கிறார். பல் டாக்டருடையதை, வகுப்புக்குச் சேர்ந்து வரும் ஒரு புதுமணத் தம்பதியுடையதை, டீச்சருடையதைக்கூட. தட்டுகிறார், காதைச் சாய்த்துக் கேட்கிறார், "சீவட்டுமா?" என்று உரியவரைப் பார்த்துக் கேட்கிறார், பிறகுதான் கத்தியை வைக்கிறார். அவளுடையதைத் தட்டுவதில்லை, கேட்பதுமில்லை. கவிழ்க்கிறார், சீவுகிறார், முடிந்தது. ஊருக்கெல்லாம் மரியாதை, கட்டினவள் கிண்ணத்துக்கு ஒரு தட்டுக்கூட இல்லை. ஒரு தடவை கவனித்தபிறகு அது கண்ணில் விழுந்த தூசியைப்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஏங்க, என்னோடது மட்டும் ஏன் தட்டலன்னு கேட்டால் அவர் சொல்லியிருப்பார். கேட்பதற்கு அவளுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

வகுப்பின் ஒவ்வொரு பருவம் முடியும்போதும் ஆளுக்கு ஒரு சாமானைச் சலவைக் கடையின் கண்ணாடி ஜன்னலில் காட்சிக்கு வைப்பது டீச்சரின் ஏற்பாடு. பக்கத்தில் செய்தவர் பெயர் எழுதிய அட்டை இருக்கும். தையல்காரி முடிவு செய்துவிட்டாள். அந்த ஜன்னலில் இருக்கப்போகும் கிண்ணத்தில் அவள் கையைத் தவிர வேறு கை படக் கூடாது.

அவர் வராத பகல்களில் ஷெட்டுக்குப் போனாள். "அடிய நானே மெல்லிசா விடணும். சீவுறதுக்கே ஒண்ணும் இருக்கக் கூடாது. வருமா?" என்று டீச்சரிடம் கேட்டாள்.

"வரும்க்கா. குழியை இறக்கும்போது ஊசி விட்டுப் பாருங்க, எவ்வளவு மண்ணு இருக்குன்னு தெரியும். ஆனா பயப்படக் கூடாது."

டீச்சரின் ஊசி தடிமனாக இருந்ததால் தன் தையல் ஊசியையே கொண்டுபோனாள். குழியை இறக்கினாள், ஊசியைக் குத்தினாள், இன்னும் இறக்கினாள். கை பழைய பயத்தில் பின்வாங்கும், அதைத் திட்டித் திட்டி இறக்கினாள். அடி கிழிந்தவை எல்லாம் கழிவு மண்ணைப் போடும் சீவல் வாளிக்குப் போயின. கடைசியில் ஒன்று நின்றது. அகலமான கிண்ணம், வெளியே அடியிலிருந்து விளிம்புவரை அவள் விரல் வரிகள், அடியில் ஒரு ரொட்டித் துண்டின் கனம்கூட இல்லை. அதை ஈர அலமாரியில் வைத்தபோது மகளைப் பள்ளிக்கூடத்தில் முதல்நாள் விட்டுவிட்டு வந்ததைப்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லவில்லை. வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம், இதைத் தொடாதீங்க, இது முடிஞ்சதுன்னு ஒரு வார்த்தை. அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சின்ன ஆசையும் இருந்தது.

அந்த வார இறுதியில் சூளை மூட்ட வேண்டும் என்பதால் அடுத்த வகுப்பில் ஒரே பரபரப்பு. கடைசல்காரர் ஒரு சக்கரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி, கவிழ்த்து, மண் உருண்டை அணைத்து அவர் முன்னால் தயார் செய்து கொடுக்கும் வேலையைப் புதுப்பெண் எடுத்துக்கொண்டிருந்தாள். தையல்காரி மூலையில் மண் பிசைந்துகொண்டிருந்தாள். பல் டாக்டரின் ஜாடி ஏறியது, தட்டினார், "சீவட்டுமா?" என்றார், சீவினார். புதுப்பெண்ணின் கணவன் செய்த கோணல் கிண்ணம் ஏறியது, தட்டினார், சிரித்தார், சீவினார்.

தையல்காரி கையைக் கழுவிவிட்டு, ஸ்பான்ஜைப் பிழிந்துகொண்டு வந்தபோது அவளுடைய கிண்ணம் சக்கரத்தில் கவிழ்ந்திருந்தது.

"இது அக்காவோடது, சார்" என்றாள் புதுப்பெண்.

"தெரியுதும்மா" என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள். ஏங்க, அதை விடுங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவர் இன்னும் சக்கரத்தை முடுக்கவில்லை. கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். நேரம் இருந்தது, தாராளமாக இருந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. தட்டட்டும். இந்த ஒரு தடவையாவது தட்டட்டும். தட்டினால் தொம் என்று கேட்கும், அவருக்கே தெரிந்துவிடும், நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார். எல்லாரிடமும் கேட்பதைப்போல அவளிடமும் கேட்பார். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஸ்பான்ஜிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் செருப்பை நனைத்தது.

அவர் தட்டவில்லை.

முதல் சுற்றில் ரிப்பன் நீளமாக வந்தது. அவர் முகத்தில் வேலை செய்யும்போது வரும் அமைதி. இரண்டாவது சுற்றில் கத்தி கொஞ்சம் அழுந்தியது. அடுத்ததில் ஒரு சத்தமும் இல்லாமல் அடி மூடியைப்போலக் கழன்று வந்தது. கத்தி உள்ளே போய்விட்டது. கிண்ணம் மண் உருண்டைகளைப் பிய்த்துக்கொண்டு சுழன்று, அவர் முழங்காலில் மோதி நின்றது.

"ஐயையோ" என்றாள் புதுப்பெண்.

அவர் சக்கரத்தை நிறுத்தினார். கிண்ணத்தை எடுத்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போனதை எல்லாரும் பார்த்தார்கள். எழுந்து அவள் பக்கம் திரும்பி, இத்தனை பேர் முன்னால், கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லாததைச் சொன்னார்.

"மன்னிச்சுக்கோம்மா. கெடுத்துட்டேன்."

"பரவால்ல" என்றாள் அவள். பஸ்ஸில் யாரோ காலை மிதித்துவிட்டால் சொல்வோமே, அந்தப் பரவால்ல.

நான்தாங்க மெல்லிசா போட்டேன் என்ற வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் பல் டாக்டர் நிற்கிறார், புதுப்பெண் நிற்கிறாள், டீச்சர் அவளையே பார்க்கிறாள். அப்படியென்றால் நீங்கள் ஏன் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று யாராவது கேட்டால்? டீச்சருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் சீவல் வாளியைக் காலால் நகர்த்திக் கொடுத்தாள். கிண்ணம் அதில் போய் விழுந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "கை போயிடுச்சு."

அடுத்த வகுப்புக்கு அவர் வரவில்லை. கண் சரியில்லை என்றார். அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். கையை விரிப்பதும் மூடுவதும் மறுபடி ஆரம்பமானது. ஜன்னலில் வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. அது அவளுக்கு இப்போது பெரிதாகவும் தெரியவில்லை. ஒரு காலையில் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது ஏதோ சொட்டும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். அவள் மூடிய குழாய், சரியாக மூடாத குழாய், சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தாண்டித்தான் நாற்காலிக்குப் போயிருக்கிறார். இதற்காகத்தானே இத்தனை வருஷம் கருவிக்கொண்டிருந்தாள்? அவள் குழாயைத் திருகினாள். திருகும்போதே அழுகை வந்துவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள்.

"ஏங்க, உங்க கை போகல. அந்தக் கிண்ணத்துக்கு அடி நான் மெல்லிசா போட்டிருந்தேன். வேணும்னேதான் போட்டேன். உங்ககிட்ட சொல்லல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு கோபமாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அதில் அன்பு இருந்தது.

"என்னைச் சமாதானப்படுத்த இப்படியெல்லாம் சொல்லாத."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"ஏம்மா, உன் கை எனக்குத் தெரியாதா? சட்டை மடிப்புக்குள்ளயே ஒரு விரல் அகலம் துணி விடுறவ நீ. உனக்கு அடி கனமாத்தான் வரும். டாக்டர் கை ஒரு நாள் இருக்கிற மாதிரி இன்னொரு நாள் இருக்காது, அதனால தட்டிப் பாப்பேன். அந்தப் புதுப்பொண்ணோடதும் அப்படித்தான். உன்னோடதை எதுக்குத் தட்டணும்? கண்ணை மூடிட்டுச் சீவலாம்." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அதையே ஓட்டை போட்டுட்டேன்னா, கை போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

அவளுக்கு உறைத்தது. இத்தனை நாள் அவமரியாதை என்று மனசுக்குள் வைத்துப் புழுங்கியது இதுதான். வகுப்பில் எல்லாரையும் சோதித்தவர், ஒருத்தியை மட்டும் சோதிக்கவில்லை. அந்த ஒருத்தி அவரைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். இதை யாரிடம் சொல்லி அழுவது?

சொல்லி நம்ப மாட்டார் என்றானபிறகு செய்து காட்டுவதைத் தவிர வழியில்லை. மறுநாளே ஷெட்டுக்குப் போனாள். கை வரவில்லை. மனசு கலங்கியிருந்தால் மண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று டீச்சர் சொல்வாள். மண்ணுக்குத் தெரிந்ததோ என்னவோ, குத்திய ஊசியைப் பாதியிலேயே உருவிவிட்டாள். அடி கனமாகவே வந்தது. கனமான கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் அவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். மறுபடி போனாள், மறுபடி இறக்கினாள். கிழிந்ததை வாளியில் போட்டாள். ஒரு வழியாக ஒன்று வந்தது. அது பதத்துக்குக் காயும்வரை காத்திருந்து, ஈரத்துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவர் நாற்காலியில் இருந்தார். துணியைப் பிரித்துக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். வாங்கியவுடனே கை சற்று மேலே எழும்பியது, எதிர்பார்த்த கனம் இல்லாததால். அவர் அவளைப் பார்த்தார். கிண்ணத்தைக் கவிழ்த்தார். நடுவிரலை மடித்து அடியைத் தட்டினார்.

தொம்.

மறுபடியும் தட்டினார், விளிம்போரமாக ஒன்று, நடுவில் ஒன்று. தட்டத் தட்ட முகம் தெளிந்தது. கையை விரித்துப் பார்த்தார், அந்தப் பார்வையில் பயம் இல்லை. பட்டறையில் போனதோ என்னவோ, இங்கே கை போகவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. அப்பாடா என்று அவள் தரையில் உட்காரப் போன நேரத்தில் அவர் கேட்டார்.

"அன்னைக்கு நான் சீவும்போது நீ எங்க இருந்த?"

"பக்கத்துலதான்."

"கத்தியத் துடைச்சுக்கிட்டு இருந்தேனே, அப்பவே வந்துட்டியா?"

பொய் சொல்ல இடம் இருந்தது. அவள் சொல்லவில்லை. "வந்துட்டேன்" என்றாள்.

அவர் தலையாட்டினார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம், காலைப் பிடித்து அழுதிருக்கலாம். அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஜாக்கிரதையாக அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றார். "இதுல நான் தொட ஒண்ணும் இல்ல."

அந்தக் கிண்ணம் சூளையிலிருந்து முழுசாக வெளியே வந்தது. மற்றவர்களுடையதெல்லாம் எடுத்தபிறகு சலவைக் கடை ஜன்னலில் தனியாக ஒரு வாரம் இருந்தது. பக்கத்தில் அட்டையில் அவள் பெயர் மட்டும். போகிறவர் வருகிறவர் நின்று பார்த்தார்கள். ஒரு பெண்மணி, இந்த விரல் வரிகள்தான் அழகு என்றாராம். சலவைக் கடைக்காரர் அதை அப்படியே வந்து சொன்னார். அவள் ஆசைப்பட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. அதைப் பார்க்கப் போகாமல் சுற்றி வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

புதிய பருவம் தொடங்கியதும் ஃபினிஷிங் சாரும் திரும்பிவிட்டார். எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள். பல் டாக்டர் புதிதாக ஒரு டீ கெட்டில் செய்து, மூக்கு கோணிப்போய் வைத்திருந்தார். அவர் அதைத் தட்டிப் பார்த்து, சிரித்து, சீவிக் கொடுத்தார். வீட்டிலும் பழையபடி பேசினார், சாப்பிட்டார், குளிக்கும்போது பாடினார். குழாயை மட்டும் அவள் மூடினால் மூடியபடியே விட்டுவிட்டார். போர்வை ஓரம் கோணலாகக் கிடந்தால் கோணலாகவே கிடந்தது.

அந்தப் பருவத்தில் அவள் முதலில் ஏற்றிய கிண்ணம் பழைய வழக்கப்படிதான் வந்திருந்தது, அடி கனமாக. வேண்டுமென்றே கனமாக விட்டிருந்தாள், விரல் அகலத்துக்கு, அவருக்குத் தெரிந்த அவள் கையாக. பதம் வந்ததும் தானே எடுத்துக்கொண்டு போய் அவர் சக்கரத்தில் கவிழ்த்து, உருண்டைகளை அணைத்து வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு சீவட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அவர் கத்தியைத் துடைத்தார். கீழே வைத்தார். நடுவிரலை மடித்து அடியைத் தட்டினார். டொக். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு இடத்தில் தட்டினார். டொக். பிறகு பல் டாக்டரைப் பார்ப்பதைப்போல, புதுப்பெண்ணைப் பார்ப்பதைப்போல, மரியாதையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சீவட்டுமா?" என்று கேட்டார்.

"சீவுங்க" என்றாள் அவள்.